மொன்றியலில் ஒரு வண்டி பார்க்கும் படலம்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர்களுடைய வாகனங்களுக்கு அடியில் படுத்துக் கிடந்து சம்பாதிக்கிறவன் நான். அதனால் உறவுக்குள் யார் பழைய கார் வாங்குவதென்றாலும் எனக்குத் தொலைபேசி வரும். நானும் மெனக்கெட்டுச் சொல்லுவேன். அவர்கள் நான் வேண்டாமென்ற காரையே வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் அழுதுகொண்டு மறுபடி எடுப்பார்கள். ஆனால் வண்டி பார்த்துத் தருவதற்காக அட்லாண்டிக்கைத் தாண்டி வரச் சொன்ன ஒரே ஆள் என் தங்கை ரெஜினாவின் கணவன் அன்ரன்தான்.

"மச்சான், நீங்கள் வந்து அடியில படுத்துப் பாத்து, ஓம் எண்டு சொன்னால்தான் நான் எடுப்பன். இது கார் இல்லை. வீடும் காரும் ஒண்டாச் சேர்ந்தது" என்றான்.

வீடும் கழுதையும் ஒன்றாகச் சேர்ந்ததென்றாலும் அன்ரன் ஆசைப்படுவான். நான் அவனுக்காகப் போகவில்லை. ரெஜினா பதினாறு வருடமாக மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறத்தைச் சுத்தம் செய்கிறாள். ஊரிலிருந்து வந்து இறங்கிய அந்த ஒரு விமானத்துக்குப் பிறகு, அவள் ஏறின விமானம் எல்லாம் கையில் துணியோடும் வாளியோடும்தான். பிள்ளைகள் இரண்டும் ஒட்டாவாவில் படிக்கப் போனபிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த நாட்டின் மறுகரைக்குத் தரைவழியாகப் போய், பசிபிக்கில் கால் நனைத்துவிட்டு வரவேண்டும்.

அந்த வருடம்தான் அவளுக்கு முதல்முறையாக மூன்று வார விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைத்திருந்தது. ஜூலை இரண்டாவது திங்கள் தொடக்கம். தவறவிட்டால் மறுபடி வரிசையில் கடைசி. வண்டி கிடைக்காவிட்டால் மூன்று வாரமும் அவர்கள் குடியிருக்கும் வில்லரே வீட்டுப் பால்கனியில் கழியும். எனக்கு நான்கு வார விடுமுறை இருந்தது. அந்தப் பக்கத்து மலைகளில் ஜூலையிலும் குளிருமாம் என்று நல்லதொரு ஜாக்கெட் வாங்கிப் பெட்டியில் வைத்தேன். பயணத்துக்கு என்னை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. சொந்தத் தமையனைக் கூப்பிட வேறு வேண்டுமா?

ஜூலை முதலாம் திகதி போய் இறங்கினேன். அந்த நகரத்துக்கு அன்றுதான் பைத்தியம் பிடிக்கும் நாள். வாடகைக்கு இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் வீடு மாறுகிறார்கள். தெரு முழுவதும் மெத்தைகள், கதவு கழன்ற குளிர்சாதனப் பெட்டிகள். வீதியில் பாதிக்குக் குழி, மீதிக்கு வீதி திருத்துவோர் வைத்த செம்மஞ்சள் கூம்பு. வீடுகளுக்கு மாடிப்படிகளை வெளியே சுழற்றிச் சுழற்றிக் கட்டியிருக்கிறார்கள், வீட்டைக் கட்டி முடித்தபிறகுதான் படி ஞாபகம் வந்ததுபோல. ஆறு மாதம் பனி கொட்டும் ஊரில் படியை வெளியே வைக்கும் அறிவாளிகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்று ஞாயிறு; மாலை மாதா கோவிலில் தமிழ்ப் பூசை. பூசை முடிந்து மண்டபத்தில் தேநீரும் மீன் ரோல்ஸும். ரோல்ஸைக் குறை சொல்ல முடியாது. அன்ரன் என்னைத் தோளில் பிடித்து ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய், "ஜெர்மனியில இருந்து வண்டி பாக்க வந்திருக்கிறார்" என்று அறிமுகம் செய்தான். ஒருவராவது என்ன என்ஜின், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்க வேண்டுமே! எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தினை பேர் படுக்கலாம்?"

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்காவது போகப் போகிறோம் என்று ஒருவரிடம் சொன்னால், அடுத்த மூச்சில் "நீங்களும் வாங்கோவன்" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. கேட்டவர், "ஐயோ, எங்களுக்கு எங்க நேரம்" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதைவிட மரியாதை இல்லை. இரண்டு பக்கமும் தன் பாதியைச் சொன்னால் காரியம் சுபமாக முடியும்.

அன்ரன் தன் அக்கா மரியம்மாவிடம் வந்தான். ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருக்கிறவர். அவ்வருடம்தான் லவால்வரைக்கும் மெட்ரோ விட்டிருந்தார்கள். அதனால் முன்பு மாதத்துக்கு ஒருமுறை வந்தவர், இப்போது வாரத்துக்கு மூன்று முறை வருகிறார்.

"அக்கா, நீங்களும் வாங்கோவன்" என்றான் அன்ரன், தன் பாதியை.

மரியம்மாக்கா ரோல்ஸை விழுங்கிவிட்டு, "ஓம், வாறம்" என்றார்.

அன்ரனின் வாய் திறந்தபடி நின்றது. "அவரும் வருவார். தம்பியாக்களும் மூண்டு பேர் வருவினம். அவைக்கும் ஒரு மாற்றம் வேணும்தானே" என்று மரியம்மாக்கா கணக்கை முடித்தார். அவருடைய கணவர், கணவரின் தம்பி குடும்பம். இரண்டு பேருக்கான பயணம் தேநீர் ஆறுவதற்குள் ஏழு பேராயிற்று. என்னோடு எட்டு. ரெஜினா காகிதக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருந்தாள்.

திங்கள் பின்னேரம், அவள் வேலை செய்யும் இடத்து அறிவிப்புப் பலகையில் கண்ட ஒரு வண்டியைப் பார்க்க லஷீனுக்குப் போனோம். டோர்வலுக்குப் பக்கத்து ஊர். கிழவர் ஒருவருடைய பழைய வான். கூரையை உயர்த்தி, உள்ளே இரண்டு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, ஒரு கைகழுவும் தொட்டி, செம்மஞ்சள் திரை. சவப்பெட்டிக்கு ஜன்னல் வைத்தால் இப்படித்தான் இருக்கும். இதற்குள் ஏறக் கிழவர் எங்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னார். அன்ரன் ஏறி நிமிர்ந்து, தலையை இடித்துக்கொண்டு, அத்தோடு இறங்கிவிட்டான்.

நான் அடியில் படுத்தேன். என்ஜினில் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அதனால் பின்சில்லுக்கு மேலிருந்த துருவைப் பற்றி நீளமாகப் பேசினேன். இந்த ஊரில் பனிக்கு வீதியெல்லாம் உப்புக் கொட்டுகிறார்கள். இங்கே துருவில்லாத வாகனம் தேடுவது கருவாட்டுக் கடையில் உயிர்மீன் தேடுவது போல. அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் எட்டுப் பேரை எங்கே போடுவது?

ரெஜினா மட்டும் உள்ளே நின்று உள்ளங்கையால் சுவர்களை அழுத்திக்கொண்டிருந்தாள். கூரை மூலை, ஜன்னல் ஓரம், தொட்டிக்குக் கீழே. அழுத்தி, விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"என்ன, மூட்டைப்பூச்சி தேடுறியோ?" என்றேன்.

"வேலைப் பழக்கம், அண்ணை."

கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பதினாறு வருடத்தில் அவள் பிரெஞ்சு படித்துவிட்டாள். அன்ரனுக்கு இன்னும் 'பொன்ஜூர்', 'மெர்சி' தாண்டவில்லை. திரும்பி வரும்போது கிழவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "வண்டி பாக்க வந்த ஆக்களில சரியான இடத்தில கை வச்சது நான்தானாம்" என்றாள். வண்டி விற்கிறவன் வேறென்ன சொல்லுவான் என்று சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை, நகரம் இருக்கும் தீவுக்கு வெளியே ஒரு விற்பனைத் திடலுக்குப் புறப்பட்டோம். போய்ச் சேரவில்லை. பாலம் இறங்கியதும் ஒரு குழியில் அன்ரனின் காருடைய சைலன்சர் விழுந்தது. விழுந்ததை எடுத்து வர அவனும், படுத்துக் கம்பியால் கட்ட நானும். பக்கத்துக் கடையில் சாப்பிட வாங்கித் தந்தான். உருளைக்கிழங்குப் பொரியலுக்குமேல் மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றி, அதற்குமேல் ரப்பர் மாதிரிப் பாற்கட்டித் துண்டுகள். மொறுமொறுப்பாகப் பொரித்த ஒரு பொருளைக் குழம்பில் ஊறப்போட்டுக் கெடுப்பதற்கு ஒரு பெயர், அதற்கு ஒரு வரிசை. முழுவதையும் சாப்பிட்டேன். பசித்தது.

புதன்கிழமை, லவாலுக்கும் அப்பால் இன்னொரு திடல். நாற்பது ஐம்பது வீட்டு வண்டிகள். கழுத்தில் தங்கச் சங்கிலியோடு ஒருவர் சுற்றிக் காட்டினார். "இது ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி வைத்திருந்தது. புகை பிடிப்பதில்லை, நாய் வளர்ப்பதில்லை" என்றார். அடுத்த வண்டியும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியுடையது. அதற்கடுத்ததும். அந்தத் திடல் முழுவதும் நாயில்லாத ஆசிரியர்களுடைய வண்டிதான்.

கடைசியில் அன்ரன் ஒன்றின் முன் கைகட்டி நின்றுவிட்டான். லொறி அளவு நீளம். எட்டுப் பேர் படுக்கலாம். ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு பரண் கட்டில். சோபா, தொலைக்காட்சி, குளியலறை. கழிப்பறைக்குள்ளும் கம்பளம் விரித்திருந்தார்கள். கழிப்பறைக்குக் கம்பளம் விரிக்க நினைத்த மனிதன் எவனோ, அவனை ஒருதரம் பார்க்க ஆசை. மரியம்மாக்கா மெட்ரோவில் வந்து, பஸ் பிடித்து, எங்களுக்கு முன்னமே வந்து நின்றார். கணவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு. சோபாவில் இருந்து பார்த்து, "இது என்ர இடம்" என்றார்.

நான் ஒரு மணி நேரம் அடியில் கிடந்தேன். சட்டம் நல்ல உறுதி. பிறேக் குழாய்கள் புதிது. என்ஜின் ஒழுகவில்லை. எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு, "எடுக்கலாம்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை நன்றாகத்தான் இருந்தது.

அப்போது பரண் கட்டிலில் ஏறியிருந்த ரெஜினா, "அண்ணை, ஒருக்கா இஞ்ச வந்து கை வையுங்கோ. பலகை ஊதியிருக்கு. உள்ளுக்கு ஈரம்" என்றாள்.

நான் ஏறவில்லை. கீழே நின்றபடியே, "பிளேன் துடைக்கிறதும் வாகனம் பாக்கிறதும் ஒண்டே?" என்றேன்.

மரியம்மாக்கா சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். ரெஜினா கையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

வியாழக்கிழமை ஒருநாள் ஓட்டிப் பார்க்க வண்டியைத் தந்தார்கள். அன்ரனின் காரைத் திடலில் விட்டுவிட்டு எடுத்து வந்தோம். வேறு யாராவது என்றால் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பார்கள், மேட்டில் ஏற்றிப் பார்ப்பார்கள். அன்ரன் நேரே கோவிலுக்கு விட்டான்.

"என்னடா, இன்னும் வாங்கவே இல்லையே!"

"பங்குச் சுவாமி நாளைக்கு ஒட்டாவா போறார், மச்சான். இண்டைக்கு மந்திரிச்சாத்தான் உண்டு."

வாங்காத வண்டியை மந்திரிக்கக் கொண்டுபோகும் ஒரே சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும். கோவில் முற்றத்துக்குத் திரும்பும்போது பக்கத்து வீட்டு மாடிப்படியில் வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி இடித்து மடங்கியது. மரியம்மாக்கா பட்டுச்சேலையில், மருதமடு மாதா படத்தை மடியில் வைத்து, பரணுக்குக் கீழே சோபாவில் தன் இடத்தில் இருந்தார். இறங்கமாட்டேன் என்றுவிட்டார். தன்னோடு சேர்த்து மந்திரிக்கட்டுமாம்.

காலையிலிருந்து வானம் கறுத்துக்கொண்டிருந்தது. சுவாமி செபம் சொல்லி, தீர்த்தத்தை முன்னால் தெளித்து, பக்கவாட்டில் தெளித்துக்கொண்டு வரும்போதே இடி இடித்தது. மழை கொட்டியது. எல்லோரும் உள்ளே பாய்ந்தோம். சுவாமியும் ஏறினார்.

மரியம்மாக்காவின் உச்சியில் ஒரு துளி விழுந்தது. அவர் கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். இரண்டாவது துளி விழுந்தது. "ஆமென்" என்றார். சுவாமி தன் கையிலிருந்த தீர்த்தச் செம்பைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். மூன்றாவது துளி மஞ்சளாக இருந்தது. நான் மேலே நிமிர்ந்தபோது பரண் பலகை வயிறுமாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அது பிளந்து, எத்தனை வருடத்து மழையோ, ஒரு வாளி கறுத்த தண்ணீர் பட்டுச்சேலையில் இறங்கியது.

மரியம்மாக்கா போட்ட சத்தத்தை நான் கோவில் முற்றங்களில் கேட்டதில்லை. மாதா படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய கணவர், அந்த வாரம் முழுவதும் வாய் திறக்காத மனிதர், திரும்பி என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நீர் கீழ மட்டும்தான் பாக்கிறனீரோ?"

வெள்ளிக்கிழமை வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களைப் பற்றிப் பேசியவர் மழையைப் பற்றிப் பேச விரும்பவில்லை. மரியம்மாக்கா தொலைபேசியில், மந்திரித்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் தோஷம் என்று ஒரு புதிய வேதத்தை ஓதினார். வீட்டுக்கு வந்து அன்ரன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். சமையலறையில் ரெஜினாவின் வேலை அட்டவணை தொங்கியது. திங்கள் தொடக்கம் மூன்று வாரத்துக்குப் பச்சைக் கோடு இழுத்திருந்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அவள் கேட்ட ஒன்றே ஒன்றை, ஈரத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவளையும் அவமானப்படுத்தி, நான்தான் கெடுத்திருந்தேன்.

அன்று அவள் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தாள். வேலை உடுப்போடே புட்டுக்கு மாவைக் குழைத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் எழும்பிப் போனேன். வாயில் வந்தது வேறு.

"உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"பிளேன் சுவருக்குப் பின்னாலயும் சில நேரம் தண்ணி நிக்கும், அண்ணை. சமையல் பக்கம், கழிப்பறைப் பக்கம். கை வச்சாக் குளிரும், பஞ்சு மாதிரி அமுங்கும். மெக்கானிக் வாறதுக்கு முதல் நாங்கள்தான் சொல்லுறது." மாவை உதிர்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்கள் கீழ இருந்து பாக்கிறியள். தண்ணி மேல இருந்தெல்லோ வரும்."

இருபத்திரண்டு வருடம் படித்த தொழிலை என் தங்கை ஒரு வரியில் கழுவி ஊற்றினாள். கோபம் வரவில்லை. "நான் அண்டைக்குக் கதைச்சது பிழை" என்றேன். "ஓம், பிழைதான்" என்று சொல்லிவிட்டு எனக்குக் கணவாய்க் கறியை இன்னொரு கரண்டி போட்டாள்.

சனிக்கிழமை காலை எழும்பியபோது அவள் வீட்டில் இல்லை. பத்துமணிபோல் கீழே ஒரு ஹோர்ன் சத்தம். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். லஷீன் கிழவரின் வான். ஓட்டுநர் இருக்கையில் ரெஜினா. விமான நிலையத்துக்குள் சுத்திகரிப்பு வான்களைப் பத்து வருடமாக ஓட்டுகிறவள், இரண்டு காருக்கு நடுவே ஒரே திருப்பில் நிறுத்தினாள். முந்தின நாளே வேலை முடிந்து போய்ப் பேசி, கையெழுத்து எல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்து புட்டு அவித்திருக்கிறாள்.

அன்ரன் படிகளில் சுழன்று சுழன்று இறங்கினான். "இதில ரெண்டு பேர்தானே படுக்கலாம்! நான் அக்காவுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். அக்காவைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டுங்கோ. அது சொல்லும்."

"அவை கோவிப்பினமெல்லோ?"

"வரவேண்டாம் எண்டு ஆர் சொன்னது? இடமில்லை. அவ்வளவுதான்."

மரியம்மாக்கா மதியத்துக்குள் வந்தார். செருப்பைக் கழற்றி, கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டார். இந்தக் கட்டிலைப் பார்த்தார், அந்தக் கட்டிலைப் பார்த்தார். மூன்றாவதைத் தேடினார். அடுப்புக்குக் கீழேயும் குனிந்து பார்த்தார். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டு, "வடிவான வண்டி. கவனமாப் போயிட்டு வாங்கோ" என்றார். ஒரு வாரத்தில் அந்த மனுஷி வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. நான் பால்கனியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். என் பெட்டி உள்ளே கட்டித் தயாராக இருந்தது.

திங்கள் காலை ஏழு மணிக்கு அவர்கள் புறப்பட்டார்கள். அன்ரன் பக்கத்து இருக்கையில், முழங்காலில் வரைபடத்தோடு. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, வண்டிக்கருகில் வைத்தேன். ரெஜினா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. சின்ன வயதில் பலகாரத் தட்டை மறைத்துவிட்டு நிற்கும்போது பார்த்த அதே சிரிப்பு.

"அண்ணை, நீங்களும் வாங்கோவன்" என்றாள்.

பதினாறு வருடம் மற்றவர்கள் சிந்தியதைத் துடைத்தவள். முதல்முறையாக அவளுக்கென்று ஒரு வண்டி, அதில் யாருக்கும் மிச்சமில்லாத இடம். ஒரு வாரமாக ஊரையும் உறவையும் நையாண்டி செய்துகொண்டிருந்த எனக்கு, என் பாதியைச் சொல்லும் முறை வந்திருந்தது.

"ஐயோ, எனக்கு எங்க நேரம்" என்றேன்.

பெட்டியைத் திறந்து ஜாக்கெட்டை எடுத்து அவள் தோளில் போட்டேன். அதன் கை அவள் விரல்நுனியையும் தாண்டித் தொங்கியது. அவள் அதை மடித்து விட்டுக்கொண்டு, வீட்டுச் சாவியை என் கையில் தந்தாள். வான் செம்மஞ்சள் கூம்புகளைச் சுற்றிக்கொண்டு போய்த் தெரு முனையில் திரும்பியது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கேடுகெட்ட படிகளில் மறுபடி ஏறி, பால்கனியில் போய் இருந்தேன். என் விமானத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.